தொட்டியில் வந்த அலை

அன்புள்ள ஓரினாவுக்கு,

நீயும் புதிதாய்ப் பிறந்த நம் குழந்தையும் சுகந்தானே? உன் இருமல் விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். இந்த ஊர்க் கஞ்சியும் பழகிவிட்டது.

நேற்று ஒரு கூத்து. கல்லுடைக்கும் இடத்தில் தாகமெடுத்தது. தண்ணீர்த் தொட்டி முன் செருப்பைக் கழற்றிவிட்டு, நம் ஏலுமா ஏரியிடம் கேட்பதுபோல, "நான் தவோர், தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதோடு விடாமல், அலை வரட்டும் என்று காத்தும் நின்றேன். பின்னால் பத்துப் பேர்.

"என்னய்யா, தொட்டி வாயத் தொறக்கிற வரைக்கும் நாங்க நாக்கு வறண்டு நிக்கணுமா?" என்றாள் மேஸ்திரி பிரென்கா. அலை வந்தால்தான் சம்மதம் என்று நம் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு அவளே தொட்டியைக் காலால் ஓர் உதை விட்டாள். தண்ணீர் அலையடித்தது.

"இந்தா, சரின்னுருச்சு. குடி."

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. குழந்தையின் பெயரை ஏரிக்குச் சொல்லப் போகும்போது என் பெயரையும் சொல். எட்டு மாதமாக என் குரலைக் கேட்காத ஏரி அது; அலை வந்ததா என்று மறக்காமல் எழுது.

தபால் வண்டி கிளம்புகிறது. ஒருவேளை அலை வராவிட்டால், யாரும் பார்க்காதபோது ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட்டு, வந்தது என்றே எழுதிவிடு.

உன்
தவோர்