சட்டைப் பையில் தைத்த விலாசம்

14.6.88

என்னங்க,

அசந்து தூங்குறீக, எழுப்பல. நான் சத்திரப்பட்டிக்கு பேண்டேஜ் துணி வேலைக்குப் போறேன். கம்பங்கூழ் சட்டியில இருக்கு, மோர் விட்டுக் குடிங்க. நெஞ்சு மாத்திரையை வெறும் வயித்துல போட்டுராதீக.

அம்பத்தேழு வயசுல மதுரை போய்த் திரும்புற சைக்கிள் பந்தயம் வேண்டாம்னு இனிமே சொல்ல மாட்டேன். "இதையும் விட்டுட்டு மூலையில உக்காரச் சொல்லுதியாட்டி?"ன்னு நேத்து கத்துனீகல்ல, அதோட விட்டுட்டேன்.

ஆனா நேத்து பந்தயத்துக்கு ஓட்டிப் பழகப் போய் கிருஷ்ணன்கோவில் பக்கம் மயங்கி விழுந்து, நீங்க கண்ணு முழிச்சு வீட்டைச் சொல்ற வரைக்கும் ஒரு மணி நேரம் யாரு எவருன்னு தெரியாம ரோட்டோரம் கெடந்திருக்கீக. கொண்டாந்து விட்ட லாரிக்காரர் சொன்னாரு. அதனால சைக்கிளுக்குப் போடுற சட்டைப் பைக்குள்ள விலாசம் எழுதி, பேண்டேஜ் துணி வச்சுத் தைச்சிருக்கேன். பிரிச்சுராதீக.

சாவி மாடத்துல. பிரேக் கட்டை தேஞ்சு போச்சு, மாத்தாம வண்டியை எடுக்காதீக.

செல்லக்கனி

பி.கு. தைச்சது நம்ம வீட்டு விலாசம் இல்ல. மம்சாபுரத்துல என் தம்பி கடை விலாசம். நேத்து லாரிக்காரர் கதவைத் தட்டுனப்பவே எனக்குப் பாதி உசுரு போயிருச்சு. முன்னப்பின்ன தெரியாத ஆளு வாயால அந்தச் சேதியைக் கேக்க என்னால முடியாது. தம்பின்னா வாய் தெறக்க வேண்டாம், வாசல்ல வந்து நின்னாலே எனக்கு வெளங்கிரும்.