என் பேராசிரியைக்கு நீங்கள் எழுதியது

ஈஸ்ட் பிரன்ஸ்விக், அமெரிக்கா

அப்பாவுக்கு ஸ்தோத்திரம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். என் போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

போன வாரம் பேராசிரியை லெர்னர் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினார். போதகர் மகள் தேவனற்ற பத்திரிகைகளைப் படித்துக் கெட்டுப்போகிறாள், அவளை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வயதுப் பெண்ணைப் பற்றி! அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வெளியே வந்ததும் என் அறைத்தோழி பிரீத்தா, “கார்ல ஏறு கெசி, அப்பாவ வீட்டுக்குப் போய்த் திட்டிக்கலாம்” என்றாள்.

திட்டத்தான் எழுதுகிறேன். இருநூறு வருடங்களுக்கும் முன்பு ஜெர்மனியில் யூத இளைஞர்கள் எபிரேயத்தில் நடத்திய மாதப் பத்திரிகையைத்தான் ஆராய்கிறேன். வேதத்துக்கும் ஜெபத்துக்கும் என்றிருந்த மொழியில் அவர்கள் கவிதையும் விஞ்ஞானமும் எழுதினார்கள். யூத மதகுருக்களான ரபிகள் பலர் எதிர்த்தார்கள். உங்களைப் போலவே அவர்களுக்கும் அந்த மொழி தங்கள் சொத்து என்ற நினைப்பு. எபிரேயம் படிக்க என்னை வேதாகமச் செமினரியில் சேர்த்தது நீங்கள்தான். அதில் எதை வாசிப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன். ஆய்வை விடமாட்டேன் என்று பேராசிரியையிடம் அப்போதே சொல்லிவிட்டேன்.

என் எபிரேய அகராதியை அனுப்புங்கள். கூடவே அம்மா இடித்த பருப்புப்பொடியும் கொஞ்சம் வையுங்கள். இங்கே கடையில் வாங்கியதை வாயில் வைக்க முடியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. முகம் தெரியாத ஒருவருக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்த வருஷம் ஒரு வரிகூட எழுதவில்லை, அப்பா.

கெசியா