சுவருக்குப் போடும் பீங்கான்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

அக்கா மகள் செல்வி, ஏழு மாதக் கர்ப்பிணி, இன்று குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

அந்தத் தரைக்கு டைல்ஸ் எடுத்தது நான். ஜெயங்கொண்டம் கடைக்காரர் அன்றே தடுத்தார். "சார், இது செவுத்துக்குப் போடுற வழவழ பீங்கான். தரைக்குச் சொரசொரப்பா வேற இருக்கு."

"விருத்தாசலத்துல இருவது வருசம் பீங்கான் சுட்டவன்யா நான்! எனக்கேவா?" என்று விரலால் தட்டிக்காட்டினேன். அங்கே நான் இருந்தது நாற்பது நாள். பீங்கான் பெட்டிகளை லாரியில் ஏற்றும் வேலை.

இப்போது அக்கா போனில் அழுகிறாள். "அசைவே தெரியலங்கிறாடா. பெரிய டாக்டரு ஒனக்குச் சிநேகிதம்னியே, ஒரு வார்த்தை கேளுடா தம்பி."

"கேட்டுட்டேன்க்கா, ஒண்ணும் ஆகாதுன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு வாட்ச்மேனைக்கூடத் தெரியாது.