மேபலின் பாதித் தாடை

அன்புள்ள வில்ஃப்,

முழங்கால் வலி தேவலையா? நான் வேலை பார்க்கும் இந்தக் கால்நடை மருத்துவமனையில் நாய்களே மாத்திரையை விழுங்குகின்றன, நீதான் துப்புகிறாய். இந்த சாஸ்கடூன் நகரத்துக் குளிரிலும் நான் இளைக்கவில்லை, கவலைப்படாதே.

மேபல் என்றொரு நாய். வாயில் புற்றுக்கட்டி. கீழ்த்தாடையில் பாதியை எடுத்துவிட்டோம். நாக்கு ஒரு பக்கம் தொங்குகிறது. சாப்பிட்டால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். இறைச்சியை உருட்டி நீட்டினேன். என் சமையலை நீ பார்ப்பாயே, அதே பார்வை.

அதை வளர்க்கும் லாரிக்காரர் ஆர்லோ, அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து வரவேயில்லை. போனில் திட்டி வரவழைத்தேன். கண்களை இறுக மூடிக்கொண்டு உருண்டையை நீட்டினார்.

"உருண்டையக் கடிக்குதா?" என்று கேட்டார்.

"நக்குது. கண்ணத் தொறந்து பாருமய்யா!"

திறந்தார். "அடி கழுதை, என்னைப் பாத்தா நாக்கத் துருத்துற?" என்று சிரித்தார். கன்னமெல்லாம் கண்ணீர். மேபல் எல்லா உருண்டைகளையும் தின்று தீர்த்தது. பாதித் தாடையோடு எப்படி விழுங்குகிறது என்று பார்க்க நானும் நாக்கைக் கோணலாகத் தொங்கவிட்டு முயன்றேன். அந்நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார்!

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. ஞாயிறு இரவு சாப்பிடும்போது போன் போடு. பேச ஒன்றுமில்லாவிட்டால் பரவாயில்லை, நீ மெல்லும் சத்தம் கேட்டால் போதும்.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் டோரின்