அதே மாதிரி ஒரு துவக்கு

7.3.1978

நான் சொல்லப்போவது நடந்தது, ஜித்ராவில் வெள்ளைக்காரன் ஜப்பான்காரனிடம் தோற்று ஓடிய வருடமல்ல. அதற்கும் பின்னால், கெடாவை ஜப்பான்காரன் சயாம்காரனிடம் தூக்கிக் கொடுத்தானே, தீபாவளிக்குத் தலையில் வைக்க எண்ணெய் கிடைக்காமல் போனதே, அந்த வருடம். சிடாம் கிரி பக்கத்துத் தோட்டத்தில் நான் அரிசி ஸ்டோர் காவல்காரன். எனக்கு எழுத்து வராது. இருளப்பன் நான் சொல்கிறேன், ராமையா மகள் செல்லாயி எழுதுகிறாள்.

அந்தத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக்காரர், சின்னத்துரை கிராணியார், இப்போது சுங்கை பட்டாணியில் மகள் வீட்டில் படுத்த படுக்கை. செல்லாயியைப் பார்க்க வேண்டுமென்று ஆள் அனுப்பியிருக்கிறார்.

"எங்கப்பனச் சுட்ட ஆள நான் எதுக்கு மாமா போய்ப் பாக்கணும்?"

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை நான்.

"நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க. எழுதி வெச்சுப் படிச்சுட்டு முடிவு பண்றேன்."

8.3.1978

பக்கத்துத் தோட்டத்துக் கிராணியை வெட்டிப் போட்டுவிட்டுக் கொள்ளைக்காரர்கள் அரிசியை அள்ளிப் போனார்கள். அதற்கப்புறம்தான் ஜப்பான் அதிகாரி, ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ரிவால்வரை எங்கள் கிராணியாரிடம் கொடுத்தான். இடுப்பில் அது இல்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை. சுடத்தான் தெரியாது. பழகவும் வழியில்லை. குண்டுக்குக் கணக்கு உண்டு, ஒன்று குறைந்தால் தலை போகும்.

"சுடத் தெரியாதவன்ர இடுப்பில துவக்கு இருந்தென்ன, கரண்டி இருந்தென்ன, இருளப்பன்?" என்றார்.

பழகுவதற்கென்று இன்னொரு துப்பாக்கி தேடினோம். ஒருவருக்கும் தெரியாமல்.

9.3.1978

கோலா கெடாவில் பழைய இரும்பு வாங்கி விற்கிற சீன முதலாளி, தவுக்கே, இரண்டு துப்பாக்கி எடுத்துக் காட்டினான். ஒன்று சின்னது, பளபளவென்று இருந்தது. அதற்கு அரிசி மூட்டை கேட்டான். ஸ்டோர் அரிசியில் கை வைக்கமாட்டேன் என்றுவிட்டார் கிராணியார். மற்றது அவர் இடுப்பில் இருப்பதைப் போலவே: அதே நீளம், அதே கனம். பிடி மட்டும் வெடித்திருந்தது. அதற்கு ஒரு தையல் மெஷின் போதும், ஒரு டின் பழைய குண்டும் தருகிறேன் என்றான்.

"சாமா லா, கிராணி. ரெண்டும் சாமா." ரெண்டும் ஒரே மாதிரி என்கிறான்.

"உதுதான் சரி. கைக்கு வித்தியாசம் தெரியப்படாது" என்றார் கிராணியார்.

வீட்டில் அவர் மனைவி ஞானாம்பிகை அம்மா மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றது. "இதைக் குடுத்துப்போட்டு நான் என்னத்தில தைக்கிறது?"

"தைக்கிறதுக்குத் துணி எங்க கிடக்கு?"

அந்த அம்மா சிரித்துவிட்டுத்தான் அழுதது.

துப்பாக்கியைக் கருவாட்டுக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். பாலத்தில் நின்ற சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டினான்.

11.3.1978

தகரக் கூரையில் மழை கொட்டும்போது, ரப்பர் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் கிராணியார் சுடுவார். சத்தம் வெளியே போகாது. நான் பாதையைப் பார்த்து நிற்பேன்.

அந்தக் குண்டுகள் கடல் ஈரம் குடித்தவை. முதல் இழுப்புக்கு டிக் என்று மட்டும் கேட்கும், வெடிக்காது. உடனே மறுபடி இழுக்கவேண்டும். போகப் போக அவர் அதை யோசிப்பதே இல்லை. இழுப்பு, இழுப்பு. பப்பாளி மரத்தில் குறி தப்பாமல் விழுந்தது.

"கை படிஞ்சிட்டுது, இருளப்பன்."

செல்லாயி இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அப்புறம் என்று கேட்டாள். அப்புறம் இன்றைக்கு வேண்டாம்.

12.3.1978

இன்றும் வேண்டாம்.

13.3.1978

சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த லயத்தில் மரவள்ளி மட்டுமே தின்று பிள்ளைகளுக்குக் கால் வீங்கியிருந்த சமயம். ஸ்டோர் அரிசி முழுவதையும் ஜப்பான்காரன் முகாமுக்கு ஏற்றப்போகிறான் என்று தெரிந்து, ஜனங்கள் காலையிலேயே வந்து கதவை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் ராமையா. பக்கத்தில் அவன் மனைவி மருதம்மாள், அவள் இடுப்பில் நீ, செல்லாயி. லாரியில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு.

"எழும்பிப் போங்கோ. அவங்கள் சுட்டுப்போடுவாங்கள்" என்றார் கிராணியார்.

"அரிசியப் போட்டுட்டுச் சுடச் சொல்லுங்கய்யா. வயிறு நெறஞ்சு சாவறோம்" என்றான் ராமையா. பசியிலும் சிரித்தார்கள்.

சிப்பாய்கள் இறங்கத் தொடங்கினார்கள். கிராணியார் பயந்துபோய், கலைந்து ஓடட்டும் என்று ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தார். நல்ல குண்டு, நல்ல துப்பாக்கி. உடனே வெடித்தது. கை கீழே இறங்கும்போதே, பழகின விரல் மறுபடி இழுத்துவிட்டது.

வேண்டுமென்றா செய்தார்? நான் அருகிலேயே நின்றேன். ராமையா விழுந்தபோது கிராணியார் அவனைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார்.

சிப்பாய் ஒருத்தன் அவர் தோளில் தட்டிக்கொடுத்தான். அரிசி லாரியில் போய்விட்டது.

அன்று ராத்திரி பழகும் துப்பாக்கியைச் சகதிக் குழியில் போட்டேன். அப்படி ஒன்று இருந்ததை அவரும் சொல்லவில்லை. சொன்னால் மெஷினைக் கொடுத்த அந்த அம்மா தலையும் போயிருக்கும்.

17.3.1978

இடையில் எழுத ஆளில்லை. இன்று செல்லாயி வந்தாள். சுங்கை பட்டாணிக்குப் போய் வந்தாளாம்.

"ரெண்டாவது தடவ எதுக்குன்னு கேட்டேன் மாமா. 'கை' அப்படின்னு கையத் தூக்கிக் காட்டினாரு."

"நீ என்ன சொன்னே?"

"கஞ்சி ஆறிப்போய் இருந்துச்சு. ஊட்டிட்டு வந்தேன்."

அரிசிக் கஞ்சியா என்று கேட்க நினைத்தேன்.

25.3.1978

கிராணியார் நேற்றுப் போய்விட்டார். ஞானாம்பிகை அம்மா முன்னமே போய்ச் சேர்ந்தது. மருதம்மாளும் இல்லை. அன்று ஸ்டோர் வாசலில் இருந்த முகம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், ஒருவரும் உயிரோடு இல்லை. எனக்கும் வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. எனக்கப்புறம் மிச்சம், அன்றைக்கு ஒன்றும் அறியாமல் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த செல்லாயி.