வீட்டுப் பதிவில் பெயர் இல்லாத மகளுக்கு

அன்பு மகள் துன்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு மழைக்கு முன்னால் முழங்கால் வலிக்கிறது, மழை பெய்ததும் சரியாகிவிடுகிறது. இந்த வருஷம் சாவா ஆறு கரை ஏறவில்லை, மக்காச்சோளம் நன்றாக விளைந்திருக்கிறது. போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மார்ச் மாதத்திலிருந்து நாம் போனில் பேசுவதெல்லாம் அங்கே மழையா, இங்கே வெயிலா என்பதோடு முடிந்துவிடுகிறது. நம் வீட்டு முகவரியிலிருந்து உன் பெயரை எடுத்துவிடு என்று நான் அன்றைக்கு மொட்டையாகக் கேட்டேன், "அப்ப என்னை வீட்லேருந்து வெட்டி விடறீங்க, அவ்வளவுதானே" என்று கேட்டுவிட்டு நீ வைத்துவிட்டாய். ஆனாலும் விடுப்பு எடுத்து, பஸ் ஏறி டப்ளின் தூதரகத்துக்குப் போய், நான் கேட்ட சம்மதத் தாளை அனுப்பி வைத்தாய். உறைக்குள் ஒரு வரிகூட நீ எழுதவில்லை. அதனால் இப்போது நடந்ததை எல்லாம் ஒழுங்காகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் சமைக்கிற பாலர் பள்ளியிலிருந்து போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் ஒரு குழந்தையை நலத்துறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாய்க்கு முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம்கூடக் கிடைக்கவில்லை என்று தூரத்து விடுதிக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், இப்படி வரும் பிள்ளையைக் கொஞ்ச காலம் நாம் வைத்துக்கொள்ளலாமே, தத்து எடுப்பது இல்லை, தாய் தகப்பன் தேறும்வரை பார்த்துக்கொள்வதுதானே என்று. அப்பா ரொட்டியை மென்றுகொண்டே, "கேட்டுப் பாரு, வேணாம்னா சொல்லப் போறாங்க" என்றார். வேணாம் என்று யாரும் சொல்லவில்லை கண்ணு, அப்படிச் சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நலத்துறை அலுவலகத்தில் முதலில் இருந்த மிரெலா தங்கமான பெண், எல்லாம் எழுதிக்கொண்டாள், அடுத்த மாதமே பிரசவ விடுப்பில் போய்விட்டாள். எங்கள் கோப்பு அலமாரியில் கிடந்தது. அப்புறம் வந்த யாத்ராங்கா அம்மா மருத்துவச் சான்று கேட்டார், கொடுத்தோம். போலீஸ் சான்று வந்து சேர்வதற்குள் மருத்துவச் சான்றின் கெடு முடிந்துவிட்டது, அதைத் திரும்ப வாங்கியபோது போலீஸ் சான்று பழசாகிவிட்டது. பிள்ளையை ஏற்பவர்களுக்கான பயிற்சி வகுப்பைப் பெரிய ஊர் அலுவலகம் நடத்த வேண்டும், அங்கே கேட்டால் பத்துக் குடும்பமாவது சேர்ந்தால்தான் வகுப்பு, இப்போது நாலுதான் இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு ராத்திரிச் செய்தியில் யாரோ ஒரு பெரிய அதிகாரி, பிள்ளைகளை ஏற்க மக்கள் முன்வருவதே இல்லை என்று வருத்தப்பட்டார். அப்பா டிவியைப் பார்த்து, "இங்கதான்யா ஒக்காந்திருக்கோம், கண்ணு தெரியலையா" என்று கத்தினார், நாய் பயந்து அடுப்புக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒருவழியாக ஆள் சேர்ந்து பயிற்சி வகுப்பு நடந்தது, பிறகு வீட்டைப் பார்க்க வந்தார்கள். சன்னலை அளந்தார்கள், கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் சண்டை போடுவதுண்டா என்று கேட்டதற்கு உன் அப்பா, "நேத்துகூடப் போட்டோமே, தக்காளிக்கு யாரு தண்ணி ஊத்தலைன்னு" என்றார். மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன், அதற்குள் எழுதிவிட்டார்கள். மனநல மருத்துவர் என்று ஓர் இளம்பெண் வந்திருந்தாள், மகள் போன இடத்தை நிரப்பத்தான் இன்னொரு பிள்ளை கேட்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். "எனக்கு இன்னும் சின்னப் பானையில சூப் வைக்க வரலம்மா, அவ்வளவுதான்" என்றேன். மகளின் பிரிவிலிருந்து தாய் இன்னும் மீளவில்லை என்று அறிக்கையில் போட்டுவிட்டாள். அந்த ஒரு வரிக்காக இன்னும் மூன்று தடவை போய் உட்கார வேண்டியதாயிற்று. அவள் எழுதியது தப்பு என்றும் எனக்குச் சொல்ல வரவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் உன் விஷயம் வந்தது. பதிவில் இந்த வீட்டில் மூன்று பேர், ஆகவே மூன்றாவது ஆளும் நேரில் வந்து பரிசோதனைக்கு உட்கார வேண்டும் என்றார் யாத்ராங்கா அம்மா. அவள் அயர்லாந்தில் வேலை பார்க்கிறாள், நாலு வருஷமாகிறது என்றேன். "தாள்ல இங்கதான இருக்கா" என்றார். "தாள்ல இருக்கறவளுக்கு நான் தெனம் சோறு ஆக்கலையேம்மா" என்றேன், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் கோப்பு நகரவில்லை. அவர்கள் சொன்ன தேதிக்கு உனக்கு விடுப்பு கிடைக்காது என்று தெரியும், வேறு வழி உன் பெயரை எடுப்பது. அலுவலக வாசலில் நின்றுகொண்டே உனக்குப் போன் செய்தேன், அதுதான் நான் செய்த அவசரம். நீ வைத்த பிறகு பஸ் நிறுத்தம்வரை அழுதுகொண்டே போனேன். உன் தாள் வந்த அன்று, வேண்டாம், இதோடு விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்பாதான், "அவ அவ்வளவு தூரம் போயி வாங்கி அனுப்பியிருக்கா, அத வீணாக்காத" என்றார்.

ஜூனில் பிள்ளையை வைத்துக்கொள்ளும் உரிமம் வந்தது, அப்புறம் கோடை முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. போன மாதம் ஒரு காலையில் முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன், கை எல்லாம் கரி, போன் அடித்தது. ஆறு வயதுப் பெண் குழந்தை, இன்றைக்கே வர வேண்டும், அரை மணி நேரத்தில் பதில் சொல்லுங்கள் என்றார்கள். எங்களை ஏறக்குறைய இரண்டு வருஷம் காக்க வைத்தவர்கள் எனக்கு யோசிக்கக் கொடுத்தது அரை மணி. அவ்வளவு வேண்டியிருக்கவில்லை, அங்கேயே சரி என்றேன். அப்பாவிடம் சொன்னதும் தொப்பியைக் கழற்றி, "மத்தியானமா வருது? அப்ப நான் சவரம் பண்ணிக்கணும்" என்று உள்ளே போய்விட்டார்.

பெயர் யானா, இதை உன்னோடு வைத்துக்கொள், வெளியே சொல்லக் கூடாது. அந்த வெயிலில் குளிர் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டேன் என்று இரண்டு நாள் போட்டுக்கொண்டே இருந்தாள். மருத்துவ அட்டையைக் கொடுத்தனுப்பவில்லை, இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தில் கேள் என்கிறது, அந்த அலுவலகம் இங்கே கேள் என்கிறது, அதற்குள் குழந்தைக்கு இருமல். நம் டாக்டர் அட்டை இல்லாமலே பார்த்து மருந்து கொடுத்தார். அட்டை இன்றுவரை வரவில்லை. என்னை அத்தை என்கிறாள், அப்பாவை மாமா என்கிறாள், நாயிடம் மட்டும் நிறையப் பேசுகிறாள். அவள் தாய் தேறினால் வசந்தத்தில் திரும்பிப் போய்விடுவாள். அதுதான் நல்லது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அறையில்தான் படுக்கிறாள். இது யார் அறை என்று முதல் வாரமே கேட்டாள், எங்கள் மகள் துன்யாவுடையது, தூரத்தில் வேலை செய்கிறாள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "அவங்க வந்தா எங்க படுப்பாங்க?" என்றாள். நான் போர்வையை உதறி விரித்தேன். அவளே சுவரோரமாக நகர்ந்து படுத்து, "இது போதும் எனக்கு, மிச்சம் அவங்களுக்கு" என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான் தூங்குகிறாள், நடுவில் தள்ளிப் படுக்க வைத்தாலும் விடியும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்குத் தனிக் கட்டில் என்பது சட்டம், அதனால் நீ வரும் நாட்களில் யாத்ராங்கா அம்மா மட்டும் வராமல் இருக்க வேண்டும்.

மாதா உன்னை எங்கேயும் கைவிடாமல் காக்கட்டும், உன் கை வேலையும் உன் உடம்பும் நன்றாக இருக்கட்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. கிறிஸ்துமஸுக்கு எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்கிறாய் என்று மறக்காமல் சொல். உனக்காக அல்ல, அவள் தினமும் கேட்கிறாள்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஆங்கா