கண்ணாடி போட்ட அட்டை

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது ஒரு வரிகூட எழுதியதில்லை. உனக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது, எழுதி என்ன ஆகப்போகிறது என்றிருந்தேன். அவ்வளவு தெரிந்தவள் அந்த அட்டையை மட்டும் எப்படி அனுப்பினேன்?

திருவள்ளூரில் ஆஸ்பத்திரி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்த அன்று நீ கேட்டது நினைவிருக்கிறதா?

"ஆஸ்பத்திரில பொஸ்தகத்துக்கு இன்னாம்மா வேலை?"

"டாக்டருங்க கேக்குறத நான் தேடி எடுத்துக் குடுப்பேன் நைனா."

"அப்போ டாக்டருக்கே தெரியாதது எம் பொண்ணுக்குத் தெரியும்னு சொல்லு!"

வலை பின்னுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாய். சாயங்காலத்துக்குள் பழவேற்காடு ஏரியில் இருந்த அத்தனை படகுக்கும் சேதி போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த வருஷம் மழை விட்டதும் காலரா வந்தது. கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வராந்தாவிலும் பாய் போட்டுப் படுக்க வைத்தோம். ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் போதவில்லை. பெரிய டாக்டர் தானே மாடியேறி என் மேசைக்கு வந்தார். "வாய் வழியா குடுத்துக் காப்பாத்தினதா யாராவது எழுதியிருக்காங்களா, கொஞ்சம் பாரும்மா" என்றார்.

இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து பழைய மருத்துவ இதழ்களைப் புரட்டினேன். கிடைத்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், அவ்வளவுதான் நைனா. போகிற தண்ணீருக்கு ஈடாக அதைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தது. கிராமையும் லிட்டரையும் டாக்டரிடம் கேட்டுக் கேட்டு சொம்புக்கும் விரலுக்கும் மாற்றினேன். 'தண்ணீரை நிறுத்தாதீர்கள்' என்று தலைப்புப் போட்டேன். 'கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது' என்று கடைசி வரி எழுதினேன். ஸ்டென்சில் வெட்டி, தடித்த அட்டையில் மை உருட்டி அச்செடுத்து, சுகாதார ஊழியர்களிடம் கட்டுக் கட்டாகக் கொடுத்தனுப்பினேன்.

நம் குப்பத்துக்கும் ஒன்று, கருவாடு விற்க வரும் முனியம்மா அத்தை கையில். பதிவேட்டில் ஊர்ப் பெயரை எழுதி டிக் போட்டேன். புத்தகம் கைமாறினால் படித்ததாகவே எடுத்துக்கொள்வது எங்கள் தொழில் புத்தி. ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அந்த ஞாயிறும் ஸ்டென்சில் வெட்டினேன்.

நீ என்ன செய்தாய்? பொன்னேரிக்குப் போய் அட்டைக்குக் கண்ணாடி போட்டுவந்தாய். "எம் பொண்ணு எய்தினது" என்று வீடு வீடாகக் காட்டிவிட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாய். அம்மா பொட்டு வைத்தாள். படித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆளான வாத்தியார், காலராவுக்குப் பயந்து தன் ஊருக்குப் போயிருந்தார்.

அந்த வாரமே உனக்கு வந்தது. சேதி கிடைத்து, பஸ்ஸும் படகும் பிடித்து நான் வருவதற்குள் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"தண்ணி தண்ணின்னு கத்திக்கினே இருந்தாரும்மா. தண்ணி குட்தா இன்னும் போவும்னு எல்லாருஞ் சொன்னாங்கோ. நான் குடுக்கவேயில்ல. துணிய நனைச்சு ஒதட்ட மட்டும் தொடச்சேன். உன் அட்டைக்கு வெளக்கேத்தி வேண்டிக்கினேன்."

நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் என் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது.

"அதுல இன்னாதான் எய்திக்கீது?" என்று அம்மா கேட்டாள். "சும்மா ஆஸ்பத்திரி நோட்டீசும்மா" என்றேன். வேறு என்ன சொல்வேன், நீயே சொல்லு. அன்றே அதைக் கழற்றி என் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அட்டையை மட்டும் அனுப்புவதில்லை. ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கி, சொம்பும் உப்பும் சர்க்கரையுமாக நானே ஊர் ஊராகப் போகிறேன். கலக்கிக் காட்டுகிறேன், அவர்களைக் கலக்கச் சொல்லிப் பார்க்கிறேன். நூலகக்காரிக்கு இது வேலையா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

போன மாதம் மறுபடி ஆரம்பாக்கத்தில் இரண்டு பேருக்குக் கண்டது. சில நாள் தங்க என்னிடம் வந்திருந்த அம்மாவையும் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. பெண்கள் கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். திரும்பும்போது ரயிலில் காலிச் சொம்பை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த அட்டையிலயும் இதான் எய்தியிருந்துச்சா?"

இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை நைனா. "ஆமாம்மா" என்றேன். "தப்பு உன்னுதில்ல. நான் வந்து வாயால சொல்லியிருக்கணும்."

அவள் அழவில்லை. மறுநாள் காலையில் நான் புறப்பட்டபோது சொம்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வரேன். தண்ணி குடுக்காதவ சொன்னா கேப்பாங்கோ" என்றாள்.

கேட்கிறார்கள் நைனா. தினமும் அம்மா தன் வாயால் உன் கதையைச் சொல்கிறாள். பிறகு தண்ணீரைக் கலக்கி, கண்ணீரைவிடக் கரிக்கிறதா என்று முதலில் தானே ஒரு வாய் குடித்துப் பார்க்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வாயை விழுங்க அவள் படும் பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் எழுதிய எதையும், அந்த வீட்டில் இருப்பவர்கள் எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டும்வரை, அங்கே விட்டுவிட்டு வரமாட்டேன். அம்மாவைத் தனியே விடவும் மாட்டேன்.

தாகத்தோடு உன்னை அனுப்பிவைத்த
உன் பொஸ்தகக்காரப் பொண்ணு